பாட்டு வருது, பாடுறவர் எங்க போனாரு? போனை பழைய ஆம்ப்ல சொருகுற கதை

போன பொங்கலுக்கு மதுரைல பெரியப்பா வீட்டுக்கு போயிருந்தேன். அவர்கிட்ட ஒரு அசெம்பிள்டு செட் இருக்கு, 97லயோ 98லயோ தெரிஞ்ச ரேடியோ மெக்கானிக் ஒருத்தர் பண்ணிக் கொடுத்தது. சத்தத்தை பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமா ஆம்ப்), உள்ள எஸ்டிகேன்னு ஒரு ஐசி போட்ட போர்டு, தகரப் பெட்டி, முன்னாடி பாட்டுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குற கலர் லைட்டு, ஆளுக்கு இடுப்பு உசரத்துல ரெண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். டேப் டெக்ல பெல்ட் போய் நாலு வருஷம் ஆச்சாம், செட்டு சும்மா கெடக்கு. "நீ தான் இதெல்லாம் நோண்டுவியே, போன்ல இருந்து பாட்டு வர்ற மாதிரி பண்ணி விடுறா"ன்னாரு. இதென்ன பெரிய விஷயம்னு டிராயர்ல கெடந்த ஒரு ஒயரை எடுத்தேன், ஒரு பக்கம் 3.5 எம்எம் ஜாக், இன்னொரு பக்கம் சிவப்பு வெள்ளை பின். பின்னாடி சொருகி, அவரோட போன்ல மாட்டி, எண்பதுகள்ல வந்த ஒரு பாட்டை போட்டேன்.

வயலின் வருது. கோரஸ் வருது. பாடுறவரோட குரல் மட்டும் இல்ல, கெணத்துக்குள்ள இருந்து யாரோ எதிரொலிக்கிற மாதிரி லேசா ஒரு நிழல் கேக்குது, அவ்வளவு தான். டிரம்ஸும் செத்துப் போச்சு. பெரியப்பா என்னை பாத்தாரு. "என்னடா, பாடுறவன் எங்கடா போனான்?"

இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சா போனை ஆம்ப்ல மாட்டுறதுல வர்ற பாதி தலைவலி புரிஞ்சிடும், அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

அந்த ஜாக்கை கையில எடுத்து கிட்ட வெச்சு பாருங்க. உலோகத்துல ரெண்டு கறுப்பு கோடு இருந்தா அது மூணு பாகம்: நுனி இடது சேனல், நடுவுல உள்ள வளையம் வலது, மேல உள்ள நீட்டு பாகம் கிரவுண்ட், அதாவது கரெண்ட் திரும்பிப் போற பொது வழி. மூணு கோடு இருந்தா நாலு பாகம், மைக்குக்கும் சேத்து. ஆம்ப் எப்பவுமே பாக்கறது ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை தான். கிரவுண்ட் ஒழுங்கா தொட்டுட்டு இருந்தா இடதுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு வித்தியாசம், வலதுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு வித்தியாசம், ரெண்டும் தனித்தனி. கிரவுண்ட் விட்டுப் போச்சுன்னா கரெண்ட் திரும்பிப் போக வேற வழி இல்ல, இடதுல இருந்து கெளம்பினது வலது வழியா தான் திரும்பணும், அப்ப ரெண்டு ஸ்பீக்கர்லயும் வர்றது இடதுல இருந்து வலதை கழிச்சா என்ன மிச்சமோ அது தான். ஸ்டூடியோல பாடகர் குரலை நடுவுல வைப்பாங்க, அதாவது ரெண்டு சேனல்லயும் சரி சமமா. சரி சமமானதை கழிச்சா பூஜ்யம். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கூட பெரும்பாலும் நடுவுல தான், அதுவும் போச்சு. ஓரத்துல வெச்ச வயலின், கோரஸ், குரலோட எக்கோ இதெல்லாம் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கறதால தப்பிச்சிடும். அறுபதுகள்ல வந்த மோனோ பாட்டை இப்படி போட்டீங்கன்னா கிட்டத்தட்ட ஒண்ணுமே கேக்காது, செட்டு செத்துப் போச்சுன்னு நெனச்சுப்பீங்க.

கரோக்கி மெஷின்ல 'வோக்கல் கட்'னு ஒரு பட்டன் இருக்குமே, அதோட அடிப்படையும் இந்தக் கழித்தல் தான். டேவிட் ஹாஃப்லர்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 70களோட தொடக்கத்துல இதையே வெச்சு, ஆம்ப்போட ரெண்டு பிளஸ்ஸுக்கு நடுவுல ஒரு ஸ்பீக்கரை போட்டு, பின்பக்கம் சரவுண்டு சவுண்ட் வர வெச்சாரு, ஹாஃப்லர் சர்க்யூட்னே பேரு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு காலத்துல போட்டி போட்டு வித்த மலிவு 5.1 போர்டுகள்ல பலதுல பின் ஸ்பீக்கருக்கு போனது இதே கணக்கு தான், பேர் மட்டும் பெருசா இருக்கும்.

சரி, பெரியப்பா போன்ல கிரவுண்ட் ஏன் விட்டுச்சு? ஒயர் கட்டாயிருச்சான்னு மல்டிமீட்டர் வெச்சு பாத்தேன், இல்ல. கடைசில கண்டுபிடிச்சது அவரோட போன் கவரை. கீழ விழுந்தா உடையக்கூடாதுன்னு ரப்பர் செருப்பு கனத்துக்கு ஒரு கவர் போட்டிருக்காரு, அதுல உள்ள ஓட்டை சின்னது, ஜாக்கோட பிளாஸ்டிக் கழுத்து அதுல இடிச்சு நிக்குது, கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ள போகல. நுனியும் வளையமும் எப்படியோ தொட்டுட்டு இருக்கு, கிரவுண்ட் மட்டும் தொடல. கவரை கழட்டி அழுத்தினேன், 'டக்'குன்னு ஒரு சத்தம், பாடுறவர் வீட்டுக்குள்ள வந்துட்டாரு.

இதே குரல் காணாமப் போற வியாதி இன்னொரு வழியிலயும் வரும். செட்டாப் பாக்ஸோட, கேமராவோட மஞ்சள் சிவப்பு வெள்ளைன்னு மூணு பின் வெச்ச கேபிள் வந்திருக்கும்ல, அதுலயும் இந்தப் பக்கம் பாத்தா 3.5 ஜாக் தான். அளவு ஒண்ணு, ஆனா எந்த பாகத்துல கிரவுண்ட்னு கம்பெனிக்கு கம்பெனி மாத்தி வெச்சிருப்பாங்க. போன்லயே கூட சிடிஐஏ, ஓஎம்டிபின்னு ரெண்டு முறை இருந்துச்சு, மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், பழைய நோக்கியா சிலதுல புது ஹெட்செட் போட்டா சொதப்பினது அதனால தான். வீடியோ கேபிளை எடுத்து ஆடியோவுக்கு போடாதீங்க, மூணு பாகம் உள்ள சாதா ஸ்டீரியோ ஜாக் ஒயர் தான் வேணும், அது எல்லாத்துலயும் வேலை செய்யும்.

இந்த ஜாக்கோட தாத்தா யாருன்னா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் அம்மாக்கள் ஒயரை புடுங்கி சொருகுவாங்களே, அந்த 6.35 எம்எம் பிளக். பத்தொன்பதாம் நூற்றாண்டு சாமான், இன்னைக்கும் கிட்டார்லயும் மைக் செட் மிக்ஸர்லயும் அதே தான். டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தப்ப அதை சுருக்கி 3.5 ஆக்கினாங்க, 1979ல சோனி வாக்மேன் வந்து அதையே ஸ்டீரியோவா உலகம் பூரா பரப்பி விட்டுச்சு. அந்த முதல் வாக்மேன்ல ரெண்டு பேர் சேந்து கேக்கறதுக்குன்னு ரெண்டு ஹெட்போன் ஓட்டை இருந்துச்சு, அப்படி எல்லாம் யோசிச்சிருக்காங்க.

ஆம்ப் பக்கத்துக்கு வருவோம். சிவப்பு வெள்ளை பின்னுக்கு ஆர்சிஏன்னு பேரு வந்ததே ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவால, 1930கள்ல ரேடியோ செட்டோட கிராமபோனை சேக்கறதுக்காக அவங்க கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஓட்டை அப்படியே இருக்கு. எதிர்ப்பக்கம் பாருங்க, கிராமபோன், டேப் டெக், வாக்மேன், டிஸ்க்மேன், ஐபாட், போன், டாங்கிள், புளூடூத்துன்னு பத்து வருஷத்துக்கு ஒருக்கா சட்டையை மாத்திக்கிட்டே இருக்கு. ஆம்ப் அசையவே இல்ல, வர்றவங்க எல்லாரும் அது முன்னாடி வந்து குனிஞ்சு தான் நிக்கணும். பழைய செட்டை தூக்கிப் போடாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சண்டை போடறதுக்கு காரணமே இது தான், அதோட சேராத பிளேயர்னு இதுவரைக்கும் ஒண்ணு வந்ததில்ல, நடுவுல ஒரு முப்பது ரூபா சாமானோ முன்னூறு ரூபா சாமானோ போட்டா போதும். பழைய பிலிப்ஸ் மாதிரி செட்டுகள்ல மட்டும் ஆர்சிஏவுக்கு பதிலா அஞ்சு பின் உள்ள வட்ட சாக்கெட் இருக்கும், டின்னுன்னு சொல்லுவாங்க, ஜெர்மன்காரங்க தர அமைப்போட பேரு. அதுலயும் 3ம் 5ம் நம்பர் பின் இடது வலது, 2 கிரவுண்ட், சால்டரிங் தெரிஞ்சவங்களுக்கு பத்து நிமிஷ வேலை.

பின்னாடி திருப்பினா ஆக்ஸ், டேப், சிடி, ட்யூனர்னு வரிசையா எழுதியிருக்கும், எதுல போடறதுன்னு நெறய பேரு கொழம்புறாங்க. எதுல வேணா போடுங்க, பேரு தான் வேற, உள்ள எல்லாம் ஒரே மாதிரி. ஒண்ணே ஒண்ணைத் தவிர: போனோன்னு எழுதியிருக்கும், சில பேரு அதை போன்னு படிச்சிட்டு சொருகிடறாங்க, சிரிக்காதீங்க, எனக்கு தெரிஞ்சே ரெண்டு வீட்ல நடந்திருக்கு. அது இசைத்தட்டு பிளேயருக்கு உள்ளது. தட்டுல ஓடுற ஊசி தர்ற வோல்டேஜ் ரொம்ப சின்னது, 5 மில்லிவோல்ட் அளவுக்கு தான். போன் தர்றது அரை வோல்ட்ல இருந்து ஒரு வோல்ட் வரைக்கும், அதாவது நூறு மடங்குல இருந்து இருநூறு மடங்கு. கொழந்தை காதுல சொல்றதுக்குன்னு வெச்ச எடத்துல லவுட் ஸ்பீக்கரை கொண்டு வந்து வெச்ச மாதிரி தான். அதோட விடல, தட்டுல பேஸை அப்படியே வெட்டினா பள்ளம் அகலமாகி பக்கத்து பள்ளத்துல இடிக்கும், அதனால வெட்டும்போதே பேஸை கொறச்சு, மேல் சுருதியை ஏத்தி வெட்டுவாங்க, திருப்பி ஓட்டும்போது ஆம்ப் அதை நேர்மாறா சரி பண்ணும். 1954ல இருந்து இதுக்கு ஆர்ஐஏஏன்னு ஒரே அளவுகோல். சரி பண்றதுன்னா சும்மா இல்ல, அடி பேஸ் வர்ற 20 ஹெர்ட்ஸ் பக்கம் பத்து மடங்கு ஏத்தும், உச்ச சுருதி வர்ற 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் பத்துல ஒரு பங்கா இறக்கும். ஏற்கனவே ஒழுங்கா உள்ள போன் பாட்டு இது வழியா போனா தலைகாணிக்குள்ள முகத்தை வெச்சு கத்தற மாதிரி, பேஸ் எல்லாம் பொறிஞ்சு, கேக்கவே சகிக்காது. ஸ்பீக்கர் மேல தப்பு இல்ல, ஓட்டை தப்பு.

அடுத்தது சத்தம் எவ்வளவு வெக்கறதுங்கற விஷயம். ஹெட்போன் ஓட்டைங்கறது காதுல மாட்டுற 16 ஓம், 32 ஓம் சுருளை ஆட்டறதுக்கு செஞ்சது, கரெண்ட் குடுக்க தயாரா நிக்கும். ஆம்ப்போட உள்வாயில பத்தாயிரம் ஓம்ல இருந்து 47 ஆயிரம் ஓம் வரைக்கும் இருக்கும், கரெண்டே கேக்காது, வோல்டேஜ் மட்டும் போதும்பாரு. அதனால ஹெட்போன் ஓட்டைல இருந்து ஆம்ப்புக்கு எடுக்கறதுல கெடுதல் எதுவும் கிடையாது, போன் எரிஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நேரா ஸ்பீக்கரையே போன்ல மாட்டினா தான் வேலைக்கு ஆகாது, கொசு கத்தற மாதிரி தான் வரும்.

பிரச்சினை என்னன்னா இங்க ரெண்டு வால்யூம் இருக்கு, போன்ல ஒண்ணு ஆம்ப்ல ஒண்ணு. போனை கால்வாசில வெச்சிட்டு ஆம்ப்பை முக்கால்வாசிக்கு திருப்பினா ஒயர்ல ஒட்டிக்கிட்டு வர்ற இரைச்சலும் கூடவே முக்கால்வாசி ஏறி 'உஸ்ஸ்'னு கேக்கும். அதுக்காக போனை முழுசா ஏத்தினா சில மலிவு போன்ல உச்சத்துல சத்தம் உடையுது. நான் வெக்கறது பத்துல எட்டு ஒன்பது பங்கு போன்ல, மிச்சத்தை ஆம்ப் குமிழ்ல. வீட்டு சிடி பிளேயர் 2 வோல்ட் வரைக்கும் தரும், போன் அதுல பாதியோ அதுக்கும் கீழயோ, அதனால போன்ல இருந்து வர்றப்ப ஆம்ப் குமிழ் வழக்கத்தை விட கொஞ்சம் தள்ளி நிக்கும், அது பரவாயில்ல. ஆனா அந்த எடத்துலயே விட்டுட்டு அடுத்த நாள் சிடிக்கு மாத்தினீங்கன்னா அக்கம்பக்கம் எந்திரிச்சிடும். ஜாக்கை சொருகறப்பவும் புடுங்கறப்பவும் ஆம்ப் குமிழை பூஜ்யத்துக்கு இறக்கிடுங்க. 'டப்'புன்னு ஒரு அடி அடிக்குமே, சின்ன ஸ்பீக்கர் போறது அந்த அடில தான்.

இன்னொண்ணு, போன்ல ஈக்வலைசர், டால்பி, பேஸ் பூஸ்ட்னு என்னென்னமோ ஆன்ல இருக்கும், எல்லாத்தையும் அணைச்சிடுங்க. அதெல்லாம் சின்ன இயர்போனோட குறையை மறைக்க வெச்ச மேக்கப். பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கருக்கு அதே மேக்கப்பை போட்டா கல்யாண வீட்டு மைக் செட் மாதிரி தான் இருக்கும். பேஸ் வேணும்னா ஆம்ப்ல உள்ள குமிழை திருப்புங்க, அதுக்கு தானே வெச்சிருக்கான்.

ஐபாட் வெச்சிருந்தவங்களுக்கு இந்த ரெண்டு வால்யூம் தொல்லை இல்லாம ஒரு நல்ல வழி இருந்துச்சு. 2001 அக்டோபர்ல முதல் ஐபாட் வந்தப்ப ஹெட்போன் ஓட்டை தான். 2003ல மூணாவது தலைமுறைல கீழ 30 பின் உள்ள ஒரு அகல ஓட்டை வெச்சாங்க, அதுல சார்ஜும் ஏறும், தனியா லைன் அவுட்டும் வரும். ஐபாட் வால்யூம் எதுவா இருந்தாலும் அதுல வர்ற அளவு மாறாது, ஹெட்போனுக்கு உள்ள ஆம்ப்பை தொடாம நேரா வெளிய வரும். சேர்ல உக்கார வெச்ச மாதிரி ஒரு டாக்ல ஐபாட்டை நிறுத்தினா போதும், பாட்டும் போகும் சார்ஜும் ஏறும். அதை நம்பி உலகத்துல எத்தனை டாக், எத்தனை ஸ்பீக்கர், எத்தனை அலாரம் கடிகாரம் செஞ்சாங்கன்னு கணக்கில்ல. 2012ல ஐபோன் 5 வந்தப்ப ஓட்டையை மாத்திட்டாங்க, லைட்னிங்னு சின்னதா ஒண்ணு, அதுல நேரடி அனலாக் சத்தமே கிடையாது. எல்லா டாக்கும் ஒரே நாள்ல அனாதை. சில ஹோட்டல் ரூம்ல கட்டில் பக்கத்துல இன்னும் அந்த 30 பின் கடிகாரம் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கும், பாத்தா பாவமா இருக்கும். 2016ல ஐபோன் 7ல ஹெட்போன் ஓட்டையையே எடுத்துட்டாங்க, மத்தவங்களும் கிண்டல் பண்ணிட்டே பின்னாடி போய் எடுத்தாங்க.

ஓட்டை போனதும் டாங்கிள் வந்துச்சு, சார்ஜ் ஓட்டைல மாட்டினா ஹெட்போன் ஓட்டையை திருப்பித் தர்ற சாமான். பாக்க ஒரு துண்டு ஒயர் மாதிரி இருந்தாலும் பெரும்பாலானதுக்குள்ள டிஜிட்டலை அனலாக்கா மாத்துற ஒரு குட்டி சிப் இருக்கு, அதை டேக்னு சொல்லுவாங்க. முன்னாடி போனுக்குள்ள இருந்தது இப்ப ஒயருக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ஆனா டைப் சி டாங்கிள்ல ரெண்டு சாதி இருக்கு: சிப் உள்ளது ஒண்ணு, சிப் இல்லாம வெறும் ஒயரா உள்ளது ஒண்ணு. சிப் இல்லாதது போனே அனலாக் சத்தத்தை அந்த ஓட்டை வழியா தந்தா தான் வேலை செய்யும், எல்லா போனும் தராது. வெளில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி, கடைக்காரருக்கும் பல நேரம் தெரியாது, 'டேக் உள்ளதா'ன்னு கேட்டு, முடிஞ்சா அங்கேயே உங்க போன்ல மாட்டி பாத்து வாங்குங்க. ஆப்பிள் விக்கற சின்ன டாங்கிள் உண்மைலயே நல்ல சாமான், ஒரு வோல்ட் வரைக்கும் தரும், ஆம்ப்புக்கு அது தாராளம். ஐரோப்பாவுல விக்கறது மட்டும் காது பாதுகாப்பு விதியால அதுல பாதி தான் தரும். சில ஆண்ட்ராய்டு போன்ல மாட்டினா இதே டாங்கிள் சத்தத்தை அமுக்கியே தரும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

இப்ப எல்லாருக்கும் வர்ற 'ஙொய்ய்ய்'. பாட்டு நல்லா போகுது, பேட்டரி கொறையுதுன்னு சார்ஜர்ல போடறீங்க, உடனே ஸ்பீக்கர்ல ஒரு ரீங்காரம். ஒயர் மட்டம்னு தூக்கிப் போட்டு வேற வாங்குவீங்க, அதுலயும் அதே. ஒயர் மேல தப்பு இல்ல. நம்ம போன் சார்ஜர் பெரும்பாலும் ரெண்டு பின், எர்த் கிடையாது. உள்ள 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க, மத்த சாமான்களுக்கு இரைச்சல் போகாம இருக்கறதுக்கு. அது வழியா துளியூண்டு கரெண்ட் எப்பவும் கசியும், உலோக உடம்பு உள்ள போனை சார்ஜ்ல போட்டு புறங்கையால தடவினா 'சுர்ர்'னு ஒரு உறுத்தல் வருமே, அதே தான். அந்தக் கசிவு எங்கயாவது பூமிக்கு போகணும்ல, ஆம்ப்போட எர்த் கெடச்சதும் உங்க ஆடியோ ஒயரோட கிரவுண்ட் வழியா ஓட ஆரம்பிக்குது. அந்தக் கிரவுண்டை அளவுகோலா வெச்சு தான் ஆம்ப் சத்தத்தையே அளக்குது, அளவுகோலே நடுங்கினா என்ன ஆகும், நடுக்கமும் பாட்டோட சேந்து பெருசாகுது. லேப்டாப்போட மூணு பின் சார்ஜர்னா வேற கதை, அங்க எர்த் ரெண்டு எடத்துல இருக்கறதால ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் ஹம் 'ம்ம்ம்'னு அடித்தொண்டைல வரும். ஸ்கிரீனை மேல கீழ தள்ளும்போது 'சிர்ர் சிர்ர்'னு மாறிக்கிட்டே வந்தா அது போனுக்குள்ள, இல்ல லேப்டாப்புக்குள்ள இருந்து வர்ற டிஜிட்டல் இரைச்சல்.

கண்டுபிடிக்கறது சுலபம். சார்ஜரை புடுங்குங்க, சத்தம் நின்னா குத்தவாளி அவன் தான். பவர் பேங்க்ல போட்டு பாருங்க, அதுக்கு சுவரோட சம்பந்தமே இல்லாததால ரீங்காரம் வராது, எங்க வீட்ல நிரந்தரமா இதே ஏற்பாடு தான். அது பிடிக்கலைன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா கெடைக்குது, உள்ள சேனலுக்கு ஒண்ணா ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சத்தம் காந்தமா தாவிப் போகும், கிரவுண்ட் ரெண்டு பக்கமும் ஒட்டாது. ரொம்ப மலிவுல பேஸ் கொஞ்சம் செத்துடும், கேட்டுப் பாத்து வாங்கணும். யாராவது 'எர்த் பின்னை உடைச்சு விட்டுடு, ஹம் போயிரும்'னு சொல்லுவாங்க. போகும் தான். தகரப்பெட்டி ஆம்ப்ல உள்ள ஏதாவது ஒயர் பெட்டில தொட்டா உங்களையும் கூட்டிட்டு போகும். செய்யவே செய்யாதீங்க.

ஹோம் தியேட்டர் வெச்சிருக்கவங்க கேக்கற ஒரு கேள்வி: 'முன்னாடி யூஎஸ்பி ஓட்டை இருக்கு, பென் டிரைவ் பாடுது, போனை மாட்டினா சார்ஜ் மட்டும் ஏறுது, பாட்டு வர மாட்டேங்குதே?' காரணம் இருக்கு. அந்த ஓட்டை எதிர்பாக்கறது ஒரு ஊமை டிரைவை, அதுவும் பெரும்பாலும் ஃபேட்32 ஃபார்மட்ல, தானே திறந்து படிச்சுக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் யூஎஸ்பில மாட்டினா அப்படி டிரைவ் மாதிரி நடிக்கும், அப்ப வேலை செஞ்சுது. ஆண்ட்ராய்டு 4 காலத்துல இருந்து எம்டிபின்னு வேற முறைக்கு மாறிட்டாங்க, அதுல எந்த ஃபைலை தர்றதுன்னு போன் தான் முடிவு பண்ணும், செட்டுக்கு அந்த பாஷை தெரியாது. உங்க செட்டும் கெட்டுப் போகல போனும் கெட்டுப் போகல, ரெண்டும் வேற வேற ஊர்க்காரங்க. 16 ஜிபி பென் டிரைவ் ஒண்ணுல பாட்டை ஏத்தி வெச்சுட்டு போங்க.

கார்லயும் டேப் டெக்லயும் போடற கேசட் அடாப்டர் ஞாபகம் இருக்கா, கேசட் வடிவத்துல இருக்கும், வால் மாதிரி ஒரு ஒயர் தொங்கும். அதுக்குள்ள டேப்பே கிடையாது, ஒரு ஹெட் மட்டும் இருக்கும், அது டெக்கோட ஹெட்டுக்கு எதிர்ல உக்காந்து டேப் ஓடற மாதிரியே காந்த அலையை தரும், டெக் பாவம் ஏமாந்து பாடும். ஆக்ஸ் ஓட்டை இல்லாத டூ இன் ஒன் வெச்சிருக்கவங்களுக்கு இது இன்னைக்கும் நல்ல வழி. குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போடறது கடைசி வழி, எஃப்எம்ல 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல வர்றதே இல்ல, பஸ் போனா கரகரங்கும், எனக்கு அது மேல ஒரு மரியாதையும் கிடையாது.

புளூடூத் பத்தி சொல்லாம முடியாது, ஏன்னா பாதி பேரு இப்ப ஒயரே தொடறதில்ல. ஆர்சிஏ பின் உள்ள ரிசீவர் டப்பா ஒண்ணை ஆம்ப்ல மாட்டிட்டா முடிஞ்சுது. பாட்டு காத்துல போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை சுருக்கப்படும், எல்லா கருவிலயும் கட்டாயமா இருக்கற எஸ்பிசி முறை நல்ல தரத்துல நொடிக்கு 328 கிலோபிட், சோனி 2015ல கொண்டு வந்த எல்டாக் 990 வரைக்கும் போகும். காதுல வித்தியாசம் தெரியுமான்னு கேட்டா, நல்ல ஸ்பீக்கர் வெச்சு அமைதியான ரூம்ல உக்காந்து கேட்டா கொஞ்சம் தெரியலாம், மிக்ஸி ஓடற வீட்ல யாருக்கும் தெரியாது. தெரியற குறை வேற: சத்தம் கால் நொடி வரைக்கும் லேட்டா வரும், படம் பாத்தா வாய் முன்னாடி அசையும் வசனம் பின்னாடி வரும். அதோட குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வர்ற ஒவ்வொரு குட் மார்னிங்குக்கும் ரெண்டு மரப்பெட்டியும் 'டிங்'னு அதிரும்.

அசெம்பிள்டு செட்டுக்குள்ளயே வெக்கற யூஎஸ்பி, எஃப்எம், புளூடூத் எல்லாம் சேந்த பேனலும் மலிவா கெடைக்குது. ரெண்டு செட்ல நானே மாட்டியிருக்கேன், ரெண்டுலயும் முதல்ல ஒரு விசில் சத்தம் வந்துச்சு. பேனலுக்கும் ஆம்ப்புக்கும் ஒரே சப்ளைல இருந்து கரெண்ட் எடுத்தா பேனலோட டிஜிட்டல் இரைச்சல் பொது கிரவுண்ட் வழியா உள்ள வந்துடுது. தனியா ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரோ, பழைய போன் சார்ஜரோ வெச்சு பேனலுக்கு மட்டும் கரெண்ட் குடுத்தா நின்னுடும், சார்ஜரோட ரீங்காரம் வந்தா மட்டும் டிரான்ஸ்ஃபார்மருக்கே போயிடுங்க. வைஃபை வழியா அனுப்பறதுல கூகுளோட குரோம்காஸ்ட் ஆடியோன்னு வட்டமா ஒரு அருமையான சாமான் 2015ல வந்துச்சு, 2019 தொடக்கத்துலயே நிறுத்திட்டாங்க, வெச்சிருக்கவங்க இன்னும் விக்க மாட்டேங்கறாங்க.

பெரியப்பாவுக்கு நான் புளூடூத் வேணாம்னுட்டேன். ஒரு சாதா ஒயர், ஆக்ஸ்ல. டேப் ஓட்டைல டெக்கை அப்படியே விட்டுட்டேன், பெல்ட் கெடச்சா போட்டுக்கலாம். போன் பக்கம் மட்டும் கழுத்து ஒல்லியா உள்ள ஜாக்கா பாத்து நானே சால்டர் பண்ணி குடுத்தேன், கவரோடயே உள்ள போகற மாதிரி. ஊருக்கு கெளம்பற அன்னைக்கு காலைல பாத்தா பழைய ஒயரை தேடிக்கிட்டு இருக்காரு. எதுக்குன்னேன். "அதுல போட்டா அந்தாளு பாட மாட்டான்ல, நான் பாடிக்கறேன்"னாரு. கவரோட சொருகி, ஒரு பல்லவியை எடுத்து விட்டாரு, டிரம்ஸ் வரலையேன்னு ஒரு குறை, அதுக்கு பெரியம்மா அடுப்படில இருந்து, "அதையும் நீங்களே வாய்ல போட்டுக்கங்க"ன்னாங்க.